மணமானவர் அண்ணனா, தம்பியா?

அயலிடத்தில் குடியேறுகிற ஒருவனுக்கு உணவும் உடையும் பாஷையும் முதலில் வேற்றுமையாய்த் தோன்றி, நாள் செல்லச் செல்லப் பழகிவிடுகின்றன. ஆனால், பிறந்த வீட்டிலிருந்து தன்னோடு கூடவே வந்தவையாக அவன் எண்ணியிருந்த தெய்வங்கள், அங்கே வேறொரு குடும்பச் சரித்திரத்தோடு வீற்றிருக்கக் காண்பானாயின், அந்த வியப்பு அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. புனே நகரத்தில் கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் வாழும் தமிழர் பலர் இவ்வியப்பை அறிந்தவர்களே.

தமிழ்நாட்டில் பிள்ளையார் பிரம்மசாரி. அவருடைய தம்பியோ வள்ளி தேவசேனா சமேதராய்க் காட்சி தருகிற கிரகஸ்தர். மகாராஷ்டிரத்தில் இந்த உறவு தலைகீழாக நிற்கிறது. கணபதிக்கு ரித்தி, சித்தி என இரு தேவியர். கார்த்திகேயரோ நித்திய பிரம்மசாரி. மயிலுங்கூடக் கார்த்திகேயருக்கே உரியதாய் இல்லை. அஷ்டவிநாயக க்ஷேத்திரங்களுள் முதலாவதாகிய மோர்காவில், சிந்து என்னும் அசுரனை வதைக்க மயிலேறி வந்த மயூரேசுவரராகவே கணபதி போற்றப்படுகிறார். புனேயின் சோமவார் பேட்டையில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த திரிசுண்ட கணபதி ஆலயத்திலும், மூன்று துதிக்கைகளோடு அவர் மயில்மீதே அமர்ந்திருக்கிறார்.

இந்த வேற்றுமை கதையளவில் நின்றிருந்தால் நாம் புன்னகையோடு கடந்து போயிருக்கலாம். ஆனால் அது விதியாகவும் ஆயிற்று. புனேயில் நானாசாகேப் பேஷ்வா 1749இல் தேவதேவேசுவரர் ஆலயம் எழுப்பிய பார்வதிக் குன்றில் கார்த்திகேயருக்கும் ஒரு சந்நிதி உண்டு. அவரைப் பெண்கள் தரிசிக்கலாகாது என்பது நெடுங்கால வழக்கம். தரிசித்தவளுக்கு ஏழு ஜன்மம் வைதவ்யம் நேரும் என்றும், கார்த்திகைப் பௌர்ணமியும் கிருத்திகை நக்ஷத்திரமும் கூடும் வேளையில் மாத்திரம் அத்தோஷம் இல்லை என்றும் மகாராஷ்டிரத்தில் ஒரு நம்பிக்கை நிலவிவருகிறது. ஐப்பசி மாதத்துச் சஷ்டியில், பிள்ளை வரம் வேண்டி உபவாசமிருந்து முருகன் சந்நிதியில் நிற்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்த தமிழனுக்கு இது எத்தகைய திகைப்பைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரு சரித்திரங்களில் எது மெய்? புராணிகரைக் கேட்டால், கல்பத்துக்குக் கல்பம் கதை வேறாகும், இது கல்பபேதம் என்பார். சரித்திர ஆராய்ச்சியாளரைக் கேட்டால், வெவ்வேறு ஜனங்களின் வழிபாடுகள் கலந்ததனால் விளைந்தது என்பார். இரண்டும் பொருத்தமான விடைகளே. எனினும் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இவ்விடைகளுக்கு அப்பாலும் ஒன்று தென்படுகிறது. உலகை வலம் வரச் சகோதரர்களுக்குள் நடந்த போட்டியும், கணபதி தாய்தந்தையரை வலம் வந்து வென்றதும், கார்த்திகேயர் சினந்து மலையேறியதும் இரு வழக்கிலும் ஒன்றே. மாறியது பரிசு மட்டுந்தான். சிவபுராணத்தில் வெற்றியின் பயன் முதல் விவாகம். சித்தி, புத்தி இருவரையும் கணபதி மணக்க, கார்த்திகேயர் கிரௌஞ்ச மலைக்குப் போய்விடுகிறார். நம்மிடத்திலோ பரிசு ஒரு கனி. இளையவர் சென்ற மலை பழனி.

துறவுக்குக் கூறப்படும் காரணமும் அவ்வாறே ஒருவரிடமிருந்து மற்றவரிடம் இடம் பெயர்கிறது. பார்க்கும் பெண்களிலெல்லாம் பார்வதியின் உருவமே தோன்றியதனால் குமாரன் விரக்தியடைந்தான் என்று பிரம்ம புராணம் கூறும். தாயைப் போன்ற பெண்ணை நாடி ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் பிள்ளையார் இன்னும் காத்திருக்கிறார் என்று நம் பாட்டிமார் கூறுவர். ஒரே வீட்டில் கிரகஸ்தன் ஒருவனும் துறவி ஒருவனும் இருக்கவேண்டும் என்று இரு நாட்டாரும் விரும்பியிருக்கிறார்கள்; எவனுக்கு எந்த ஆசிரமம் என்பதிலேதான் அவர்கள் வேறுபட்டார்கள். அந்த வேறுபாட்டிலும் முழுப் பிடிவாதம் இல்லை. பழனியில் தண்டமேந்தி ஆண்டியாய் நிற்பவர் நம்முடைய முருகனே. திருநெல்வேலி மணிமூர்த்தீசுவரத்தில் தேவியோடு கூடி உச்சிஷ்ட கணபதியாய் அமர்ந்திருப்பவரும் நம்முடைய பிள்ளையாரே.

ஆகையால், கதை மாறுபடுவதனால் நம்பிக்கைக்கு ஊறு ஒன்றும் நேர்வதில்லை. ஆராயத்தக்கது, கதையிலிருந்து மனிதர் வருவித்துக்கொள்ளும் விதியே. எல்லாப் பெண்களும் தாயாகத் தோன்றினர் என்னும் காரணத்தைக் கொண்டு ஒரு நாடு தன் பெண்களை ஒரு சந்நிதியினின்று விலக்கிற்று. அதே தாயைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு மற்றொரு நாடு தன் தெய்வத்தைப் பெண்கள் நீராடும் துறையிலேயே கொண்டுபோய் அமர்த்தி, அரசமரத்தைச் சுற்றிவர அவர்களுக்கே முதலிடமும் கொடுத்தது. மூலம் ஒன்றாயிருக்க முடிவுகள் இவ்வாறு முரணுமானால், விலக்கு அந்த மூலத்திலிருந்து பிறந்ததன்று. அதை வகுத்தவர் தம் அச்சத்திலிருந்து பிறந்ததாகவே இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதனால் தமிழர் பெருமை கொள்வதற்கும் இடமில்லை. பார்வதிக் குன்றின் வழக்கத்தைக் கேட்டு முகம் சுளிக்கும் அதே தமிழன், கார்த்திகை முதல் நாள் மாலையணிந்து, இருமுடி சுமந்து சபரிமலைக்குப் புறப்படுகையில், அங்கே மாதவிடாய்ப் பருவத்துப் பெண்களுக்கு வழிவழியாக விதிக்கப்பட்ட தடைக்கும் பிரம்மசரியமே காரணமாகக் காட்டப்படுவதை நினைத்துப் பார்ப்பதில்லை. பிறர் ஊர் வழக்கம் விசித்திரமாகவும் தன் ஊர் வழக்கம் தர்மமாகவும் தோன்றுவது மனித சுபாவம். அயலூர் வாழ்க்கையால் ஒருவன் ஞானம் பெறுவது உண்டாயின், அங்கே கண்ட விசித்திரத்தைக் குறித்து எழுப்பிய கேள்வியைத் தன் ஊர்க் கோயில் வாசலிலும் அதே குரலில் எழுப்பத் துணியும்போதுதான் அதைப் பெறுகிறான். பெண்களையெல்லாம் தாயாகக் கண்ட தெய்வத்தின் விரதத்தை அத்தாய்மாரிடமிருந்தே காக்க முற்படுகிறவன், அந்தத் தெய்வத்தின் பார்வையைப் பெற்றவனாகான்.