தாய்க்குப் படையல் எங்கே?

கொள்ளிடத்தின் வடகரையிலே லால்குடி. நெல் விளையும் மண். வாழை செழிக்கும் வயல். அந்தச் சேற்றிலே குனிந்து நாற்று நடுகிறாளே கருவுற்ற பெண், அவள் கீழிமையைச் சற்றே தாழ்த்திப் பாருங்கள். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும். ஊருக்குச் சோறளிப்பவள் உடலிலே குருதி இல்லை! "அவள் தலையெழுத்து" என்பர் வைதிகர்.

தலையெழுத்தா? 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஏறத்தாழ இருவரில் ஒருத்தி! பிரமன் இவ்வளவு மொத்தமாகவா எழுதுவான்? சிசுவும் நஞ்சுக்கொடியும் கேட்கும் இரும்பு, அடுத்தடுத்த பேறு, வெறுங்காலில் துளைத்தேறும் கொக்கிப்புழு, எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சுவதை அவள் உண்ணும் வழக்கம்: இவையல்லவோ எழுதிய கைகள்!

1928இல் பம்பாய்க்கு வந்த மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்றபோது கண்ட சோகையை ஆராய்ந்தார். அவர் ஜாதகம் கேட்கவில்லை. என்ன உண்டாய் என்று கேட்டார். ஈஸ்ட் சத்து அந்நோயைத் தீர்த்தது. பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்ற அப்பொருள்தான் இன்று இரும்புடன் ஒரே மாத்திரையில் இருக்கிறது.

கண்டறிவதும் அரிதன்று. 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 7க்குக் கீழே போனால் ஆபத்து, மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சோகை இல்லாதவருக்கும் நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரை, 180 நாள். சோகை கண்டவருக்கு இரு மடங்கு. அதற்கும் ஏறாவிடில் நரம்பு வழியே இரும்பு ஏற்றுவர். மாத்திரையோடு தேநீர் கூடாது, சத்தைத் தடுக்கும். எலுமிச்சையோ நெல்லியோ துணை செய்யும். அரசு நிலையங்களில் காசில்லாமலே தருகிறார்கள்.

தந்தும் பரணில் தூங்குகிறது! ஏன்? குமட்டல் ஒரு காரணம், அது மெய். உணவுக்குப்பின் உண்டால் தணியும். இன்னொன்று, "பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும்" என்ற பேச்சு. உடல் ஏற்காத இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். பிள்ளையின் நிறத்தை அது தொடாது. ஆனால் "கறுக்காது, அஞ்சாதே" என்று மட்டும் தேறுதல் சொல்லி நாம் நகரலாமா? கறுத்தால்தான் என்ன என்று கேட்க வேண்டாமா? பொய்யை மறுத்துவிட்டு, அதைப் பெற்ற இழிவை ஒப்புக்கொண்டால் அது பகுத்தறிவாகுமா?

நம்மை உறுத்துவது வேறொன்றும் உண்டு. அவள் வயிற்றிலே பிள்ளை வந்தபிறகே அவள் குருதியை அளக்கிறோம். 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் சோகையுற்றவர் என்றும் அதே ஆய்வு கூறிற்று. அப்படியானால் பெண் மனிதப் பிறவியா, பிள்ளை சுமக்கும் கலமா? தெய்வமென்று போற்றுகிறோம், தெய்வத்துக்குப் படையல் முதலில், தாய்க்கோ கடைசிப் பருக்கை! அதைப் பொறுமை, கற்பு, குடும்பப் பாங்கு என்று புகழவும் செய்கிறோம். அந்தப் புகழை விரும்பும் ஆண்மகன் ஒரு மாதம் கடைசியில் உண்டு பார்க்கட்டும்.

2018இல் வந்த ஒன்றிய அரசின் திட்டம், வளரிளம் பெண்களையும் கருவுறாத மகளிரையும் சேர்த்து, வாரமொரு மாத்திரை என வகுத்தது. ஏட்டில் ஏறிவிட்டது. லால்குடியின் அடுக்களைகளில் இன்னும் பந்தி வரிசை மாறவில்லை.