மலையேறுதலும் இறங்குதலும்

அகவளர்ச்சி நெறிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏற்றத்தையே முதன்மைப்படுத்துகிறது: மூலாதாரத்தில், அதாவது முதுகுத்தண்டின் அடியில், உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி ஆற்றல் எழுந்து உச்சியை எட்டிவிட்டால் சாதகரின் பணி முடிந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பரஞ்சோதி மகானிடம் தீட்சை பெற்று, 1958ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலை இந்த எண்ணத்தைத் திருத்துகிறது. மலேசியத் தமிழரிடையேயும் பயிலப்படும் அந்நெறியை ஜொகூர் மாநிலத்தின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கும்போது அத்திருத்தத்தின் பொருள் நன்கு விளங்குகிறது.

ஜொகூர்த் தமிழரின் சமய வாழ்வு பெரிதும் ரப்பர்த் தோட்டங்களில் உருவானது. மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் எழுந்த தோட்டத்துக் கோயில்களில் இறையனுபவம் தனிமையில் அன்று, உடுக்கையும் உறுமியும் முழங்கும் கூட்டத்தின் நடுவே நிகழ்ந்தது. அங்கே ஒருவர்மீது அருள் இறங்குவதற்கு முறை இருந்ததைப் போலவே அது நீங்குவதற்கும் முறை இருந்தது; கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, சாமியை மலையேறச் செய்த பின்னரே அவர் மறுநாள் விடியலில் பால்மரம் வெட்டப் போகும் மனிதராகத் திரும்பினார்.

மனவளக்கலையிலும் இத்தகைய கவனம் உண்டு. ஆசிரியர் தொட்டு உணர்த்த, ஆற்றல் புருவமத்தியில் நிலைபெறும் ஆக்கினைத் தவத்தை அடுத்து, உச்சியில் நிற்கும் துரிய தவம் உடனே வருவதில்லை. இடையில், அதே ஆற்றலை மீண்டும் மூலாதாரத்திற்குக் கொணரும் சாந்தி தவம் கற்பிக்கப்படுகிறது. தவத்தால் மிகும் ஆற்றலை உடலும் மனமும் தாங்கும் அளவுக்குச் சமன்செய்வதே அதன் பயன் என்று அந்நெறியினர் விளக்குவர். கோயிலில் சாமி மலையேறுகிறது, தவத்தில் ஆற்றல் இறங்குகிறது. திசை வேறானாலும், மனிதரை அன்றாடத்துக்குத் திருப்பித் தரும் நோக்கில் இரண்டும் உறவுடையவை. ஒன்றை ஞானமென்றும் மற்றதை அறியாமையென்றும் பிரிக்கும் படித்தவர் வழக்கம் இந்த உறவைக் காணத் தவறுகிறது.

அந்த அன்றாடம் இன்று மாறிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட, ஸ்கூடாய், மாசாய் போன்ற இடங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளில் குடியேறியவர்களுள் பலர், விடியுமுன் எழுந்து, 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்து, இரவில் களைத்துத் திரும்புகின்றனர். இத்தகைய இல்லறத்தாருக்கு அரைமணி நேர மௌனத்தைவிடக் கடினமானது மனவளக்கலையின் அகத்தாய்வு, அதாவது எண்ணம், ஆசை, சினம், கவலை ஆகியவற்றை வரிசையாக ஆராய்ந்து ‘நான் யார்’ என்னும் வினாவுக்குச் செல்லும் பயிற்சி. இது மெய்ஞ்ஞானத்தை வெறும் ஒழுக்கப் பாடமாகச் சுருக்குகிறது என்று சிலர் கருதக்கூடும். ஆனால் சினம் எழும் கணத்தில்தான், புண்படும் ‘நான்’ எது என்று கண்ணால் காண்பதுபோல் காண முடிகிறது. கண் மூடிய அமைதியிலோ அது எளிதில் ஒளிந்துகொள்கிறது.

சினம் தவிர்த்தலுக்கான பயிற்சியில் சாதகர் தாம் யார்மீதெல்லாம் சினம் கொள்கிறார் எனப் பெயர்களைத் தாளில் எழுத வேண்டும். மிக நெருங்கியவர்மீதே சினம் மிகுதியாகப் பாய்கிறது என்பது மகரிஷியின் கருத்தாதலால், அப்பட்டியலில் மேலதிகாரிக்கு முன்பாகத் துணையின் பெயரும், கதவைத் திறந்துவிட ஓடிவரும் பிள்ளையின் பெயரும் இடம்பெற நேர்கிறது.