கிணற்றடிச் சொல்லும் பொய்க் கடிதமும்

ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்ததாக மரபு சொல்லும் இராமானுசரின் இல்லறம் முறிந்ததற்கு ஒரு சுடுசொல்லும் காரணம் என்பது குருபரம்பரைக் கதை. காஞ்சியில் அவருடன் தங்கியிருந்த ஆசாரியர் பெரிய நம்பியின் மனைவி நீர் இறைத்தபோது, அவர் குடத்திலிருந்து சில துளிகள் இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாளின் குடத்தில் தெறித்தன. தஞ்சமாம்பாள் குலத்தைச் சொல்லி ஏசினார்; பெரிய நம்பி சொல்லாமல் கொள்ளாமல் திருவரங்கம் புறப்பட்டுவிட்டார். நாவடக்கத்துக்கு இதை உதாரணம் காட்டுபவர்கள் அடுத்து நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. மாமனார் எழுதியதுபோல் ஒரு கடிதத்தை இராமானுசர் தயார் செய்தார். கல்யாணச் சேதி உண்மை என்றே எண்ணித் தஞ்சமாம்பாள் பிறந்தகம் போனார். இராமானுசர் துறவு கொண்டார். மனைவியின் சொல் சுட்டது, கணவரின் கடிதம் இனித்தது. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம், வாக்கால் செய்யும் தவம் பிறர் மனத்தைக் கலக்காமலும் உண்மையாகவும் இனியதாகவும் நன்மை தருவதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அந்தக் கீதைக்கு உரை எழுதியவர் இராமானுசர். அவர் உரை எழுதிய அளவுகோலில் சுடுசொல் மட்டுமல்ல, அந்தக் கடிதமும் தேறாது. ஏச்சு காதில் விழுந்ததும் குற்றமென்று தெரிந்துவிடுகிறது. இனிக்கும் பொய்யோ கனிவு என்றே பெயர் வாங்கிக்கொள்கிறது. ஆகவே தவத்துக்குக் கடினமான பகுதி இனிமை அல்ல, இனிமைக்குள் உண்மையை விடாமல் வைத்திருப்பது.

ஆலைகள் நிறைந்த இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கும் இது பொருந்தும். 2021 டிசம்பரில் அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 100-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உடன் தங்கியவர்களுக்கு அவர்கள் நிலை பற்றி நம்பும்படியான தகவல் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாகப் புரளி பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. யாரும் இறக்கவில்லை என்பது பிறகே உறுதியானது. புரளி குற்றம்தான், வழக்கும் பாய்ந்தது. ஆனால் சொல்ல வேண்டிய உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததும் வாக்கின் குற்றமே. அதற்கு வழக்குப் பதிய எந்தக் காவல் நிலையத்திலும் பிரிவு இல்லை.

ஆலையின் பிரஸ் மெஷின் இரைச்சலில் கனிவாகப் பேச முடியுமா என்று கேட்கலாம். கையை எடு என்று அலறுவது கை போகாமல் காக்கிறது. அதில் கடுமை இல்லை. குழந்தையின் வாயில் கல் போனால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்க, இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன் என்று அபய இளவரசன் சொன்னதாகப் பாலி சூத்திரம் ஒன்று உண்டு. அதுபோலவே கசக்கும் உண்மையையும், பயன் இருந்தால், காலம் பார்த்துச் சொல்வதாகப் புத்தர் விளக்கினார். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: 'பார்த்துப் பேசு' என்ற உபதேசம் எப்போதும் கீழே இருப்பவனுக்கே போகிறது, அவன் கோஷமும் கோரிக்கையுமே கடுஞ்சொல்லாகி விடுகின்றன. உண்மைதான். அதனால்தான் தகவலும் அதிகாரமும் யார் கையில் இருக்கின்றனவோ அவர் நாக்கிலிருந்து இந்தத் தவத்தைத் தொடங்கவேண்டும் என்கிறேன். "ஆறு மாசம் பொறு தம்பி, பெர்மனென்ட் ஆக்கிடலாம்" என்று ஒரு பையனின் தோளில் கைபோட்டுச் சொல்லும் கான்ட்ராக்டரைவிட, "இந்த வருஷம் வாய்ப்பில்லப்பா, வேற எடம் கெடைச்சா பாத்துக்க" என்று முகம் பார்த்துச் சொல்பவர் அந்தப் பையனுக்கு நல்லது செய்கிறார். ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்பலாம், எந்தக் கடனை வாங்கக்கூடாது என்று அவன் இன்றைக்கே கணக்குப் போட்டுக்கொள்ள முடியும்.