தலையெழுத்து என்று எப்போது சொல்லலாம்?

வலிப்புக்குக் கொடுத்த மாத்திரையே ஆளைச் சாய்த்துவிட்டால் 'விதி' என்ற சொல்தான் முதலில் வாயில் வருகிறது. கார்பமசெபைன் என்ற வலிப்பு மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள், அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல் வருகிறது. கண் சிவந்து எரிகிறது. வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடிவதில்லை. பிறகு வெந்நீர் கொட்டியதுபோல் தோல் கொப்புளித்து, விரல் பட்டாலே வழன்று வருகிறது. ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற டாக்டர்கள் 1922இல் விவரித்த நோய் இது. முற்றிப்போய் உடம்பின் பெரும்பகுதித் தோல் உரிந்துவிட்டால் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை இவருக்கு மட்டும் ஏன் நஞ்சானது? விடை தெரியாதவரை விதி என்றதில் குற்றமில்லை.

2004இல் ஒரு விடை கிடைத்தது. தைவானில் இம்மாத்திரையால் அந்நோய் கண்ட 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. மாத்திரை ஒத்துக்கொண்ட 101 பேரில் மூவரிடம் மட்டுமே. பின்னர் அங்கே 4,877 பேரின் இரத்தத்தை முன்கூட்டியே சோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு இம்மாத்திரையைத் தவிர்த்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. அந்தப் பத்துப் பேர் யாரென்று அவர்களுக்கே தெரியாது. சோதிக்கப்படுவதும் அவர்கள் விதியில் இருந்தது என்று, எல்லாம் விதிப்படியே நடக்கும் என்று நம்பிய பழைய ஆசீவகர் வாதிடலாம். இருக்கட்டும், சோதனையும் விதிக்குள் அடக்கம் என்றால், சோதிக்காமல் விட்டவருக்கு அந்த விதியே சாக்காக முடியாது. மரபணுதான் புதிய தலையெழுத்து என்பாரும் உண்டு. அதுவும் சரியல்ல. அந்த வகை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு இம்மாத்திரை ஒன்றும் செய்வதில்லை. எழுதி முடிந்த தீர்ப்பை அது காட்டவில்லை. எங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஹாங்காங்கிலிருந்து வருகிறது. 2008இல் அங்கே இச்சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். கார்பமசெபைனால் வரும் நோய் மறைந்தது. ஆனால் டாக்டர்கள் பலர் சோதனை தேவைப்படாத பினைடாயின் போன்ற மருந்துகளுக்கு மாற, அவற்றால் அந்நோய் வருவது கூடியது. மொத்த எண்ணிக்கை குறையவே இல்லை. மனித முயற்சி தோற்றதற்கு இது சான்றாகுமா? என் பார்வையில் ஆகாது. கண்டறிந்ததைச் சுற்றிக்கொண்டு போனதும் மனிதர் எடுத்த முடிவுதானே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் விதி என்று சொல்லி அழுதால் அந்தச் சொல்லை அவளிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. அவளுக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. மருந்துச் சீட்டு எழுதுபவருக்கு அந்த உரிமை கிடையாது. சோதனை வசதியே இல்லாத ஊரிலும், "கண் சிவந்தாலோ, வாயில் புண் வந்தாலோ, தோலில் தடிப்பு எழும்பினாலோ அன்றைக்கே வந்துவிடுங்கள்" என்று சொல்லியனுப்ப அரை நிமிடம் போதும்.