சீர் வரும் சாலை

உடன்பிறந்தவர்கள் வளர்ந்து, மணம் முடித்து, தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்த பின்னர் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்திய அறநூல்கள் தெளிவான விடை தருவதில்லை. அந்தணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சங்கிதை கூறுகிறது. ரிஷிகளுக்குரியதை வேதக் கல்வியாலும், தேவர்களுக்குரியதை வேள்வியாலும், முன்னோருக்குரியதை மக்கட்பேற்றாலும் தீர்க்க வேண்டும் என்னும் அந்தப் பட்டியலில் அக்காளுக்கும் தங்கைக்கும் இடமில்லை. திருக்குறள் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவருள் சுற்றத்தாரைச் சேர்த்திருந்தாலும் உடன்பிறப்பைத் தனியே எடுத்துப் பேசவில்லை. மூதுரையோ உடலோடு பிறந்த நோய் ஆளைக் கொல்வதையும், எங்கோ மலையில் விளைந்த மருந்து அந்நோயைத் தீர்ப்பதையும் சொல்லி, கூடப் பிறந்துவிட்டதனாலேயே ஒருவர் உறவாகிவிட மாட்டார் என எச்சரிக்கிறது. நூல்கள் ஒதுங்கிக்கொண்ட இந்த இடத்தில் மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியும் தமக்கென ஒரு விடை வைத்திருக்கின்றன. அது ஏட்டில் இல்லாமல் சாலையில் இருப்பதால், தத்துவம் பயில்வோர் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

மார்கழியின் கடைசி நாள்களில், பனி முழுதாக விலகாத காலை வேளைகளில், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சாலைகளில் 'குட்டியானை' என்று மக்கள் பெயரிட்டழைக்கும் சிறு சரக்கு வண்டிகள் கரும்புக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அவற்றில் செல்வது பொங்கல் சீர்: பிறந்த வீட்டார், அதாவது பெற்றோரும் அவர்களுக்குப் பின் அண்ணன் தம்பிகளும், மணமாகிப் புகுந்த வீட்டில் வாழும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் கொண்டுபோய்க் கொடுக்கும் வரிசைப் பொருள்கள். மணமான முதல் ஆண்டில் வரும் தலைப்பொங்கலுக்குப் பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், செங்கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், வேட்டி சேலை என்று வண்டி நிறையப் போகும். பின் வரும் ஆண்டுகளில் அது சுருங்கி, பல வீடுகளில் 'பொங்கல்படி' என்னும் ஒரு தொகையாக மட்டும் நிற்கும். வண்டியைத் தங்கையின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடாமல், தெருமுனையில் நிறுத்திப் பொருள்களைத் தாம்பாளங்களில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பரப்பி, ஆளுக்கொன்றாகக் கையில் ஏந்தி நடந்து செல்வதுண்டு. அந்தச் சில அடி தூரத்தை ஊரே பார்த்திருக்க நடந்து கடப்பது சீரின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. பொருள்களின் விலை வீட்டுக்குள் கணக்கிடப்படும், வந்தவர்களின் எண்ணிக்கையோ தெருவிலேயே எண்ணப்பட்டுவிடும்.

இந்தப் பயணத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. அண்ணன் கொண்டுவரும் பானையிலும் அரிசியிலுமே தை முதல் நாள் பொங்கல் வைக்க வேண்டும் என்பதால், தை பிறந்த பிறகு வரும் பானை வெறும் பாத்திரம். ஆகவே பயணம் மார்கழியிலேயே நடந்தாக வேண்டும். மார்கழியோ இறைவழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட மாதம். பெண் பார்ப்பதும், நிச்சயம் செய்வதும், புதுமனை புகுவதும் அம்மாதத்தில் விலக்கப்பட்டவை. புதியது எதையும் தொடங்கக் கூடாத மாதத்தில் சீர்வண்டி மட்டும் தடையின்றிப் போவதைப் பஞ்சாங்கத்தின் நெகிழ்வு என்று தள்ளிவிடலாம். ஆனால் அதைவிட நல்ல விளக்கம் மீமாம்சையில், அதாவது வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் தரிசனத்தில், கிடைக்கிறது. செயல்களை அது நித்தியம், நைமித்திகம், காமியம் என்று வகுக்கிறது. காமியம் பயன் கருதிச் செய்வது. நைமித்திகம் பிறப்பு, கிரகணம் போன்ற நிகழ்வு ஒன்றை ஒட்டிச் செய்வது. நித்தியம் எந்தப் பயனும் கருதாமல் என்றும் செய்ய வேண்டியது, செய்யாவிட்டாலோ பிரத்தியவாயம் என்னும் குற்றம் சேர்வது. திருமணச் சீர் நைமித்திகம் எனில் பொங்கல்படி நித்தியம். அதைக் கொடுத்ததற்காக அண்ணனை எவரும் புகழ்வதில்லை. கொடுக்காத அண்ணனை ஊர் மறப்பதில்லை. தொடங்குவதற்குத்தான் நல்ல மாதம் பார்க்க வேண்டும், தொடர்வதற்குத் தேவையில்லை.

இத்தொடர்ச்சி எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதைப் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் கண்டறிந்தார். 1949-50இல் அங்குக் களப்பணி செய்து 1957இல் நூலாக வெளியிட்ட அவர், தென்னிந்தியாவில் மண உறவு ஒரு நாள் நிகழ்ச்சியோடு முடிவதில்லை என்றும், தந்தைவழி இரத்த உறவைப் போலவே அதுவும் தலைமுறை தலைமுறையாகச் சொத்துப்போல் இறங்குகிறது என்றும் வாதிட்டார். மாமனார் கொடுத்த இடத்தில் மைத்துனன் கொடுக்கிறான். அவனே அடுத்த தலைமுறைக்குத் தாய்மாமன் ஆகி, காது குத்துக்கும் சடங்குக்கும் சீர் சுமக்கிறான். இதன் மறுபக்கமாக, தந்தை இறந்த பின் அவர் தம் தங்கைக்குக் கொடுத்துவந்த பொங்கல்படியை அவருடைய மகன்கள் ஏற்கிறார்கள். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் தனித்தனியே வந்து சேரும் நடுவயது அண்ணன் தம்பிகள் ஒரே வண்டியில் ஏறி அத்தையைப் பார்க்கப் போவது இவ்வாறே நேர்கிறது. அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தாலும் அத்தை வீட்டு வாசலில் அவர்கள் தனித்தனியாகப் போய் நிற்க முடியாது. தந்தையின் இடம் ஒன்றே, அதில் இவர்கள் அனைவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். அன்பு இந்தப் பயணத்துக்கு முன்நிபந்தனையாக இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சில வேளைகளில் மூன்று மணி நேரம் ஒரே வண்டியில் அடைபட்டிருந்ததன் விளைவாக அது திரும்பி வருவதுண்டு என்பது வேறு செய்தி.

மனிதர்க்குரிய இக்கடனை மதுரை தன் தெய்வங்கள் மீதும் ஏற்றிவைத்திருக்கிறது. மீனாட்சி திருமாலின் தங்கை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் திருமாலே தாரை வார்த்து, அதாவது நீர் ஊற்றித் தங்கையின் கையைச் சிவபெருமானிடம் ஒப்படைக்கிறார். மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் அக்காட்சி சிற்பமாகவும் நிற்கிறது. ஏட்டிலும் கல்லிலும் அண்ணன் நேரத்தில் வந்துவிட்டான். தெருவில் வழங்கும் கதை வேறு: வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து சீரோடு புறப்பட்ட, திருமாலாகிய அழகர், வழியெல்லாம் அடியவர்க்கு அருள் செய்து நின்று நின்று வந்ததால், வைகைக் கரையை அடையும் முன்பே தங்கையின் திருமணம் முடிந்துவிடுகிறது, செய்தி கேட்டுச் சினந்து, ஊருக்குள் நுழையாமல் ஆற்றில் இறங்கி வண்டியூருக்குப் போய்விடுகிறார். சித்திரைத் திருவிழா இன்றும் இக்கதைக்கு இசைவாகவே நடக்கிறது. திருக்கல்யாணமும் தேரோட்டமும் முடிந்த பிறகே அழகர் ஆற்றில் இறங்குகிறார். திருக்கல்யாணத்தில் அண்ணனுக்குரிய இடத்தில் நிற்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து எழுந்தருளும் பவளக்கனிவாய்ப் பெருமாள்.

வைணவ மரபு இக்கதையை ஏற்பதில்லை. துர்வாசரின் சாபத்தால் தவளையாகிக் கிடந்த மண்டூக முனிவருக்கு விமோசனம் அளிக்கவே அழகர் வைகைக்கு வருகிறார் என்பது கோயில் சார்ந்த விளக்கம். வண்டியூர் அருகே தேனூர் மண்டபத்தில் அந்நிகழ்ச்சி முறைப்படி நடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தனித்தனியாக நடந்த சைவ, வைணவத் திருவிழாக்களை ஒன்றாக இணைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இரண்டு விழாக்கள் அருகருகே வந்து ஒட்டாமல் நின்ற இடைவெளியை அடைக்கவே தாமதக் கதை பிறந்தது என்று ஒரு வரலாற்றாய்வாளர் முடிவுகட்டலாம். தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட 'அழகர் கோயில்' என்னும் ஆய்வில் காட்டியதுபோல், இக்கோயிலைச் சுற்றி வாழும் பல்வேறு சமூகங்களின் உறவை அறியாமல் கோயிலின் வழக்கங்களை விளக்க முடியாது. இடைவெளியை நிரப்ப எத்தனையோ கதைகள் கிடைத்திருக்கும். அவற்றுள் நேரம் தவறிய சீர் என்னும் கதையே மக்களுக்கு உடனே பிடிபட்டது. தை பிறந்த பின் வந்து சேரும் பானை என்னவாகும் என்பதை அறிந்த ஊர் இது.

கதையின் இறையியல் துணிவு இதனினும் பெரிது. இராமானுசரின் மரபில் சேஷன், சேஷி என்ற இணைச்சொற்கள் அடிப்படையானவை. மற்றொன்றின் மேன்மைக்காகவே இருப்பது சேஷன், எதன் பொருட்டு அது இருக்கிறதோ அது சேஷி. உயிர்கள் அனைத்தும் சேஷர், இறைவன் ஒருவனே சேஷி. அம்மரபின் பேராசிரியருள் ஒருவரான பிள்ளை லோகாசாரியர் 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாள் திருமேனியைத் திருவரங்கத்திலிருந்து காத்துக் கொண்டுவந்து, மதுரைக்குக் கிழக்கே யானைமலைக்குப் பின்புறமுள்ள கொடிக்குளத்தில் தம் இறுதி நாள்களைக் கழித்தார் என்பது மரபு. (அவரும், ஆசார்ய ஹ்ருதயம் இயற்றிய அவர் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் மணம் செய்துகொள்ளாமல் ஒரே நெறியில் வாழ்ந்தவர்கள் என்பதை உடன்பிறப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்லாமல் விட முடியாது.) அந்த ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, தெருக்கதை அந்தச் சேஷியையே தங்கையின் பொருட்டுச் சுமை தூக்கி நடப்பவராக ஆக்கிவிடுகிறது. எல்லாம் தமக்குரியதாக உடையவர் கொடுக்கக் கடன்பட்டவராகிறார். கள்ளர் கோலத்தில் கொண்டையும் கைத்தடியுமாக, உண்டியல் வண்டிகள் பின்தொடர, மண்டகப்படி தோறும், அதாவது அன்பர்கள் எழுப்பி உபசரிக்கும் ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று வருகிறார். நின்றதனாலேயே கடனைத் தீர்க்கத் தவறுகிறார். பரம்பொருளுக்குச் சினமும் தாமதமும் கற்பிப்பது தத்துவ வாதத்தில் நிற்காது. ஆனால் இக்கதையில் அத்தவறு ஒரு பணியைச் செய்கிறது. சீர் உரிய நேரத்தில் சென்று சேர்ந்திருந்தால் கதை ஒரே முறையோடு முடிந்திருக்கும். சேராததனால்தான் அடுத்த சித்திரையிலும் அழகர் மலையிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது.

துய்மோனின் ஆசிரியரான மார்செல் மோஸ் 1925இல் வெளியான கொடை பற்றிய தம் ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றுமே கட்டாயங்கள் என்று காட்டினார். கணக்கு முற்றும் நேராகிவிட்டால் இரு தரப்புக்கும் இடையில் பிணைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அந்த வகையில் பொங்கல்படி தீராக் கடன். தீர்ப்பதற்காக அது கொடுக்கப்படுவதே இல்லை.

இதற்கு நேர்மாறாக, தீர்க்கக்கூடிய, தீர்த்தே ஆகவேண்டிய கடன் ஒன்றும் உடன்பிறந்தார்க்கிடையில் உண்டு. அது சொத்துப் பங்கு. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை அளித்தது. 2005இல் நாடாளுமன்றம் அதை மகள்கள் அனைவருக்கும் விரித்தது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகங்களில் சகோதரிகள் தம் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்கள் தொடர்ந்து பதிவாகின்றன. அங்கே கையெழுத்து வாங்கச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சீரே. ஆண்டுதோறும் செய்கிறோம், இனியும் செய்வோம், பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்னும் வாதம் நித்தியத்தை விலைபேசிக் காமியமாக மாற்றிவிடுகிறது. பங்கு வாங்கிய தங்கைக்குப் பொங்கல்படி உண்டா என்று இன்று பல குடும்பங்களில் எழும் கேள்விக்கு மீமாம்சகர் தயங்காமல் விடை சொல்வார்: நித்திய கருமம் மற்றவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்ததன்று. பங்கைக் கொடுத்துவிட்டு மார்கழியில் வண்டியும் பிடிக்கும் அண்ணனுக்கே சீர் என்ற சொல் பொருந்தும். பங்குக்கு ஈடாகப் பானை கொடுப்பவர் மலிவான விலையில் நிலம் வாங்குகிறார், அவ்வளவே.

வழக்கத்தில் மற்றொரு குறையும் உண்டு. அதில் அண்ணனே எப்போதும் பயணி. தங்கை வாசலில் காத்திருப்பவள். சில சமூகங்களில் மாட்டுப்பொங்கல் காலையில் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளை வைத்து, உடன்பிறந்தவர் நலம் வேண்டிக் கணுப்பிடி வைப்பதுண்டு. அதுவும் இருந்த இடத்திலிருந்தே செய்யும் வேண்டுதல். ஆனால் சைவ மரபில் உடன்பிறந்தாரின் தலையாய சந்திப்பு இம்முறைக்கு எதிர்த்திசையில் நிகழ்கிறது. சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார், பின்னாளில் திருநாவுக்கரசர், இன்றைய கடலூர்ப் பகுதியான பாடலிபுத்திரத்துச் சமண மடத்திலிருந்து இரவோடு இரவாக நடந்து, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வெறுங்கையோடு வந்து விழுகிறார் என்கிறது பெரியபுராணம். அங்கே கொடுப்பவர் தமக்கை, கொடுத்தது திருநீறு. மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோதே உயிர்விடத் துணிந்து, தம்பியின் பொருட்டு உயிர் தாங்கியிருந்தவர் அவர் என்பதால், அக்கொடை அந்த இரவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. மதுரைச் சமவெளியில் இப்போது அண்ணன் தம்பி இல்லாத வீடுகளில் அக்காளும் தங்கையும் தாமே காரை ஓட்டிக்கொண்டு, கரும்பை மேலே கட்டி, அடுத்தவளின் வீட்டுக்கும் பின்னர் அத்தை வீட்டுக்கும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குக் கொண்டுபோவதற்குச் சீர் என்ற பெயர் செல்லுமா என்று பெரியவர்களிடம் கேட்டால் விடை ஊருக்கு ஊர் மாறுகிறது. புகுந்த வீட்டு மாமியார்கள் பானையை இறக்கி வைத்துக்கொண்டு, அந்த விவாதத்தை வேறு நாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள்.