கூலியோடு தீரும் கடனா?

செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். மாணவர்க்கு அதனைக் கற்பிக்கும்பொழுதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நன்றியறிதல் தனிமனிதனுக்கு மட்டும் உரிய அறமா? ஒரு நாட்டுக்கும், அந்நாடு இயற்றும் சட்டத்துக்கும் அது பொருந்தாதா? உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது என்பது வணிகர் வழக்கு. அறநூலார் வழக்கும் அதுதானா?

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. பெக்கோக்கைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில் என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. 1968ஆம் ஆண்டில் நம் நாட்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமாயின் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பின்னர் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழர் கலங்கினர். அவருள் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகள் இம்மண்ணில் உழைத்தவர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்குமாறு அறிவுறுத்துவார் இல்லை; விண்ணப்பிக்க நினைத்தவரிடமோ பிறப்புப் பத்திரம் இல்லை. என்றேனும் ஊர் திரும்புவோம் என்று இருந்துவிட்டவரும் உண்டு. அக்காலத்தில் நாட்டைவிட்டு இந்தியா சென்ற தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் என மதிப்பிடுவர்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். வேலையின்மை உண்மையாகவே இருந்தது. தன் குடிமக்களுக்கு முதலிடம் தருவதை எந்த நாடும் குற்றமாகக் கருதாது. நாமும் கருத இயலாது. ஆயினும் வாயிலில் நின்று வருவோனைத் தடுப்பது வேறு. உள்ளே வந்து காடழித்து, மரம் வளர்த்து, பிள்ளை பெற்று, முதுமையும் எய்தியவனை அயலான் என்பது வேறு. அச்சட்டம் அவனிடம் அட்டையின் நிறத்தைக் கேட்டது; உழைத்த ஆண்டுகளைக் கேட்கவில்லை.

இலங்கை மலையகத்தில் நடந்ததும் இத்தகையதே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பார்களே, அப்படி!

மீண்டும் தந்தையாரிடம் வருகிறேன். அவரிடம் நீல அட்டை இருந்தது. ரஜுலா கப்பலேறிப் போன ஒரு பெரியவரின் நிரை அவருக்குக் கிடைத்தது. புறப்படுவதற்கு முன்னாள் அப்பெரியவர் நிரை முழுவதும் உடன் நடந்து, எந்த மரத்தில் பட்டை மெலிந்திருக்கிறது, எதில் கத்தியை ஆழ இறக்கலாகாது என்று காட்டிக்கொடுத்தாராம். தந்தையார் இதனை ஓரிரு முறைதான் சொன்னார், அதுவும் தலைகுனிந்தபடி. அந்த நிரையின் கூலியில்தான் நான் படித்தேன். ஆகவே, அரசு நன்றி மறந்தது என்று விரல் நீட்டும்பொழுது என் விரல் நடுங்குகிறது. அப்பெரியவருக்கு நான் பட்ட கடனை எங்கே கொண்டுபோய்ச் செலுத்துவேன்?

இன்று அத்தோட்டங்களில் இரப்பர் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்தம் அனுமதிச்சீட்டு ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அம்முதலாளி கைவிட்டால் சீட்டும் போயிற்று. தவணையை அறிந்தே வருகிறார்கள், ஆதலால் நம் முன்னோர் நிலையும் இவர்கள் நிலையும் ஒன்றல்ல என்று ஆசிரிய நண்பர் ஒருவர் வாதிட்டார். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் நம் பாட்டன்மாரும் சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லித்தானே கப்பலேறினர்?

சென்ற ஆண்டு ஒரு மாணவன், அந்நியர் நம் வேலையைப் பறிக்கின்றனர் என்று கட்டுரை எழுதியிருந்தான். சந்திப்பிழைகளைத் திருத்திக்கொண்டு வந்த என் பேனா அவ்வரியில் நின்றது. ஓரத்தில், "உன் கொள்ளுப்பாட்டனார் இங்கு வந்தது எந்த ஆண்டு?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து, பாட்டியிடம் கேட்டதாகவும் அவருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னான். அக்கட்டுரைக்கு நான் இன்னும் மதிப்பெண் இடவில்லை.