இன்ஜினுக்குக் கற்பூரம் எதற்கு?

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு அதற்கு முன்பே மாலை விழுந்துவிடும். புதுப் பெயிண்ட் வாசனை, செப்பனிட்ட வலை, ஐஸ் ஏற்றும் கூச்சல். ஒரு படகில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அடுத்த படகில் ஜெபம் சொல்லிப் புனித நீர் தெளிப்பார்கள். பிறகு சாவியைத் திருப்புவார்கள். 61 நாள் சும்மா கிடந்த இன்ஜின், இரும்போடு இரும்பு உரசும் சத்தத்தில் முதலில் அலறும், அப்புறம் சீராகும். ஒரே ஸ்டார்ட்டில் பிடித்துவிட்டது, எல்லாம் மேலே இருப்பவன் அருள் என்று கும்பிடுவார்கள்.

அருள் இருக்கட்டும். அந்த முதல் சில விநாடிகளில் இன்ஜினின் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது. யார் கண்ணுக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

ஓடுகிற இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. அந்த ஆயிலைத் தள்ளும் பம்பை யார் ஓட்டுகிறார்கள்? அதே இன்ஜின்தான். ஆக, இன்ஜின் சுழன்றால்தான் ஆயில் மேலே வரும். ஆயில் வந்தால்தான் சேதமில்லாமல் சுழல முடியும். தினமும் ஓடும் இன்ஜினில் நேற்றைய ஆயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. இரண்டு மாதம் நின்றால் ஆயில் பெரும்பாலும் வடிந்து அடியிலுள்ள சம்புக்குப் போய்விடும். உப்புக் காற்று உள்ளே நுழையும். ராத்திரி குளிர்ந்த இரும்பின் மேல் ஈரம் படியும். துரு பிடிக்கும். முதல் சுற்றிலேயே அந்தத் துரு உப்புத்தாளைப் போலத் தேய்க்க ஆரம்பிக்கும்.

தமிழ்நாட்டில் 2001இல் தடைக்காலம் வந்தபோது 45 நாள். 2017இல் அது 61 நாளாயிற்று. மீனுக்கு நல்லது. இன்ஜினுக்கோ 16 நாள் கூடுதல் துரு.

ஆயுதபூசையைப் பற்றிப் பெரியார் கேட்டதெல்லாம் கேட்டாயிற்று. அதைத் திருப்பிச் சொல்ல நான் வரவில்லை. பூசையைப் பார்த்துச் சிரிக்கிற நம்மவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்கள் கையிலும் ஒரு மந்திரம் இருக்கிறது: "வாரம் ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது." படகுக்கும் இதே வைத்தியம், வீட்டில் நிற்கும் காருக்கும் இதே, ஜெனரேட்டருக்கும் இதே.

இந்த வைத்தியத்தைச் சரியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் விமானக்காரர்கள். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172இல் இருப்பது லைகமிங் இன்ஜின். அதில் கேம் ஷாஃப்ட், கிராங்குக்கு மேலே இருக்கிறது. நின்றுபோனால் முதலில் காய்வதும் துருப்பிடிப்பதும் அதுதான். கேமும் அதன் மேல் உரசும் டப்பட்டும் ஒருமுறை புள்ளி புள்ளியாக அரிக்கப்பட்டுவிட்டால், பிறகு எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் பயனில்லை. லைகமிங் நிறுவனத்தின் அறிவுரை கறாரானது. முப்பது நாளுக்குள் ஒருமுறையாவது, ஆயில் நன்றாகச் சூடேறும்படி, தொடர்ந்து ஒரு மணி நேரமாவது பற. தரையில் ஓட்டிவிட்டு நிறுத்துவது அதற்கு ஈடாகாது. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அரைகுறைச் சூட்டில் அது வெளியேறாமல் ஆயிலோடு கலந்து அமிலத்துக்கு வழி செய்கிறது. பிரொபெல்லரைக் கையால் சுற்றிவிடுவதும் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்கிறது அந்த நிறுவனம். ஒட்டியிருக்கிற கொஞ்சநஞ்ச ஆயிலையும் அது வழித்துவிடும்.

அக்கறையோடு செய்கிற காரியம்தான், ஆனால் தீங்கு. இதற்கும் கற்பூரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், கற்பூரம் இன்ஜினைக் கெடுப்பதில்லை என்பதைத்தான் சொல்ல முடியும்!

நீண்ட நாள் நிறுத்துவதற்கு விமானக்காரர்கள் செய்வது வேறு. பழைய ஆயிலை இறக்கிவிட்டுத் துருத் தடுப்பு ஆயில் ஊற்றுகிறார்கள். சிலிண்டருக்குள்ளும் தெளிக்கிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த கண்ணாடி போன்ற பிளக்கைத் திருகுகிறார்கள். காய்ந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் மணிகள் நீலம். ஈரம் ஏறினால் ரோஸ். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த நிறம் மாறுதல்தான். என்னால் இனி காக்க முடியவில்லை, மாற்று என்று தன் தோல்வியைத் தானே சொல்லிவிடுகிறது அந்தப் பிளக். எந்தத் தாயத்து இப்படிச் சொல்லியிருக்கிறது?

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தத் தூத்துக்குடிக் கரைக்குத் தாயத்தைப் பற்றிய இந்தக் கேள்வி பழையது. கடலில் குதிப்பவர்களைச் சுறா தீண்டாமல் இருக்க மந்திரம் சொல்பவருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் அந்த மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர். எதிரே இலங்கைக் கரையில் பிரிட்டிஷ் ஆட்சியே கூலி கொடுத்து அவரை வைத்திருந்தது. அவர் இல்லாமல் குளிகாரர்கள் இறங்க மாட்டார்கள், இறங்காவிட்டால் கஜானாவுக்கு நட்டம். ஆட்சியாளருக்கு மந்திரத்தில் நம்பிக்கை தேவைப்படவில்லை. குதிக்கிறவனுக்கு இருந்தால் போதும். மந்திரம் சொன்னவர் கரையில் நின்றார். பங்கு அவருக்கு, சுறா குளிகாரனுக்கு.

இன்றைக்கும் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. பூசைக்குப் பணம் கொடுக்கிற முதலாளி எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. மன்னார் வளைகுடாவில் பேரிங் பிடித்து இன்ஜின் நின்றால், டிரைவரும் மடிவலை இழுக்கிற ஆட்களும்தான் மிதப்பார்கள். நீரோட்டமும் காற்றும் 1976 ஒப்பந்தம் போட்ட எல்லைக் கோட்டைப் பார்த்துத் தள்ளாது. கோட்டைத் தாண்டினால், எங்கள் ஆயில் பம்ப் போய்விட்டது என்று இலங்கைக் கடற்படையிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவேதான் இதை வெறும் மெக்கானிக் விஷயம் என்று என்னால் விட முடியவில்லை. தன் மனநிம்மதிக்குச் செய்த சடங்கை அடுத்தவன் உயிருக்குப் பாதுகாப்பு என்று காட்டுவது ஏமாற்று.

"பூசையும் செய்கிறோம், ஆயிலும் மாற்றுகிறோம், உனக்கென்ன?" என்பீர்கள். நல்லது. ஒரு வருஷம் இரண்டில் ஒன்றை விட்டுப் பாருங்கள். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, ஆயில் இல்லாத இன்ஜினோடு படகை அனுப்பத் துணிகிற பக்தர் இந்தக் கரையில் ஒருவர் உண்டா? கிடையாது. எதை நம்புகிறோம் என்பது நமக்கே தெரியும்.

அதே தூத்துக்குடியில், வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறைக்குப் போனால் வேறு பழக்கம். மெயின் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே தனி மின்சாரப் பம்ப் ஆயிலை எல்லாப் பேரிங்குக்கும் ஏற்றிவிடும். அதற்குப் பிறகுதான் டர்னிங் கியரைப் போட்டு மெல்லச் சுற்றுவார்கள். காய்ந்த ஸ்டார்ட் என்ற பேச்சே அங்கே இல்லை.

படகுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பெரும்பாலோர் தடை முடிந்தபின் ஆயில் மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது தடை தொடங்கும்போது, இன்ஜின் சூடாக இருக்கையிலேயே. அமிலமும் ஈரமும் கலந்த பழைய ஆயிலோடு இரண்டு மாதம் ஊறவிடக் கூடாது. காற்று போகும் வழிகளை அடைத்துவிடுங்கள். ஜூனில் டீசலை அடைத்துவிட்டு, ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் மீட்டர் முள் எழுந்த பிறகு டீசலைத் திறந்தால் போதும். தடைக்காலத்தில் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கிற படகுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். பெயிண்ட் மட்டும் அடிக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு தடைக்காலத்திலும் மீன்வளத்துறை விசைப்படகுகளை ஆய்வு செய்கிறது. பதிவு, நீளம், இன்ஜினின் குதிரைத்திறன், பாதுகாப்புக் கருவிகள் என்று குறித்துக்கொள்கிறார்கள். இன்ஜினை நிறுத்தியபோது ஆயில் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று அந்தப் படிவத்தில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். படகு உரிமையாளர் சங்கங்கள் இதை அவர்களாகவே கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால், கடலுக்குப் போகிற தொழிலாளி சாவியைத் திருப்புவதற்கு முன் முதலாளியிடம் கேட்கட்டும்.